ஊர் பிறப்பதும் மறைவதும்

ஓர் ஊரை உருவாக்குவது எது? நம் தெல்தோட்டையையே பாருங்கள். கோப்பித் தோட்டங்கள்தாம் இம்மலைகளுக்கு ஆட்களையும் பாதைகளையும் கொண்டுவந்தன. 1869 முதல் இலங்கையில் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. வேலை போனால் ஊரும் கலைந்துவிடும். ஆனால் 1867இலேயே, அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது, ஊர் நிலைத்தது.

இதே கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய நகருக்கு நேர்ந்தது வேறு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய நகரை மூழ்கடித்தது. மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். வீட்டுக்கு நட்டஈடு கணக்கிடலாம். அயலுக்கு எப்படிக் கணக்கிடுவது? மேட்டில் எழுந்த புதிய நகருக்கும் அதே பெயர்தான். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிகின்றன.