மடிக்கணினி வந்தபின் ஆசிரியருக்கு என்ன துணை?

கேள்வி: மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கினாலே கற்றல் மேம்பட்டுவிடுமா? ஆசிரியருக்கு எத்தகைய துணை தேவை?

பதில்: தென்னமெரிக்க நாடுகளான பெரு, உருகுவே ஆகியவற்றின் பட்டறிவு இதற்கு விடை தருகிறது. பெரு அரசு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியபோதிலும், 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் தேர்ச்சி கூடியதற்குச் சான்று இல்லை எனக் காட்டியது. மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் 'செய்பால்' திட்டத்தை 2007-இல் தொடங்கிய உருகுவேயிலும், முதற்கட்டத்தில் கணிதத் திறனோ வாசிப்புத் திறனோ உயர்ந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை.

எனினும், ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க உருகுவே 2012-இல் மேற்கொண்ட ஏற்பாடு கவனத்துக்குரியது. வாரத்தில் ஒரு பாடவேளையில், தொலைவிலுள்ள ஆங்கில ஆசிரியர் காணொளி வழியாகப் பாடம் நடத்துவார். எஞ்சிய இரு பாடவேளைகளில், ஆங்கிலத்தில் புலமை இல்லாத வகுப்பாசிரியரே, ஆயத்தமாக அளிக்கப்படும் பாடத்திட்டக் குறிப்பைக் கொண்டு பயிற்சியைத் தொடர்வார். இருவரும் வாரந்தோறும் கலந்துபேசுவதால், வகுப்பை அறிந்தவரின் அனுபவமும் மொழியை அறிந்தவரின் புலமையும் ஒன்றுசேர்கின்றன. வகுப்பாசிரியரும் மாணவரோடு சேர்ந்து கற்கிறார்.

ஆகவே, ஒருநாள் பயிலரங்கோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், பாடக்குறிப்பு, கலந்துபேசத் துணைவர், திட்டமிட நேரம், பழுதுநீக்க ஆள் ஆகிய நான்கையும் ஆண்டு முழுவதும் உறுதிசெய்வதே ஆசிரியருக்கு வேண்டிய துணையாகும். அதற்கான செலவும் கருவி வாங்கும் நிதியொதுக்கீட்டிலேயே தொடக்கம் முதல் இடம்பெற வேண்டும்.