குரோய்டனில் வாடகைக்கு விட வீடு வாங்குமுன்

ஈஸ்ட் குரோய்டன் ஸ்டேஷனருகே புதிய பிளாட்டா, தோர்ன்டன் ஹீத் பக்கம் பழைய டெரஸ் வீடா என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். பழைய வீடு என்பதே என் பதில், அதைப் பராமரிக்க மனம் இருந்தால்.

பிளாட்டில் கட்டடம் உங்கள் கையில் இல்லை. 2017 கிரென்ஃபெல் தீவிபத்துக்குப் பின், குரோய்டன் சிட்டிஸ்கேப் கட்டடத்தின் தீப்பற்றக்கூடிய வெளிச்சுவர்ப் பலகைகளை மாற்றும் செலவு பிளாட்காரர்கள் தலையில்தான் என்று தீர்ப்பாயம் சொன்னது. கட்டிய பாரட் நிறுவனம் தானாக முன்வந்து ஏற்றதால் தப்பினார்கள்.

முதலில் கணக்கு. சொந்த வீடு இருப்பவர் 4,00,000 பவுணுக்கு இன்னொன்று வாங்கினால், 5 வீத மேலதிக வரியோடு முத்திரை வரி மட்டும் 30,000 பவுண். அறை அறையாக விட்டு ஈடுகட்டலாம் என்றும் எண்ணாதீர்கள். 2020 ஜனவரி முதல் குரோய்டனில் குடும்ப வீட்டைப் பகிர்வு வீடாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும். வெவ்வேறு குடும்பத்தவர் ஐந்து பேரானால் லைசென்ஸும் வேண்டும்.

வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள். எதிர் நடைபாதையில் நின்று கூரையிலிருந்து கீழே பாருங்கள். பீலி வழிகிறதா, செங்கல்லில் பச்சைக் கோடு இறங்குகிறதா? முகப்பின் அழகு அங்கேதான் தொடங்குகிறது. சவுத் நோர்வுட் ரெஜினா ரோட்டின் கவுன்சில் பிளாட்டுகளில் நீர் கசிந்து பூஞ்சணம் படர்ந்ததை 2021இல் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தனியார் வீட்டிலும் பூஞ்சணம் படர்ந்தால் பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கலாம்.

பழைய செங்கல்லுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்டால் இடுக்கு நிரப்பாதீர்கள். ஈரம் உள்ளே சிறைப்படும். சுண்ணாம்புக் கலவைதான் அதற்கு ஏற்றது. பலர் முன்முற்றத்தை உயர்த்திக் கல் பதித்துச் சுவரின் காற்றுத் துளைகளை மூடிவிடுகிறார்கள். தரைக்கடியிலுள்ள மரம் உக்கிப்போகிறது. நீர் இறங்காத தளம் 5 சதுர மீட்டரைத் தாண்டினால், தண்ணீர் வடிய வேறு வழி செய்யாதவரை, திட்ட அனுமதியும் தேவை. கதவுக்கு நல்ல நிறம், குப்பைத் தொட்டிகளுக்கு மறைப்பு, வாசல் விளக்கு, வெட்டிய வேலி. முகப்புக்கு இவ்வளவு போதும். வேலை முடிந்து இருட்டில் வரும் பெண் சாவியைத் தேடும் இடம் அது.

2026 மே 1 முதல் வாடகைக்கு இருப்பவரைக் காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது. ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவும் கூடாது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். டெபாசிட் பெரும்பாலும் ஐந்து வார வாடகைக்குள். வாங்கிய 30 நாளில் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். காஸ் சோதனை வருடாவருடம், மின்சாரச் சோதனை ஐந்து வருடத்துக்கொருமுறை. ஊர்ப் பிள்ளை, தெரிந்த பிள்ளை என்று வாய்ப்பேச்சில் சாவி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம், விசாச் சோதனை, அறைகளின் புகைப்படம் எல்லாம் சாவி கைமாறுவதற்கு முன்பே முடிய வேண்டும்.