17(பி) மெமோ வந்தால் என்ன செய்வது?

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளரிடம் குரூப் 4 தேர்வைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார். தன் வேலையைக் காக்கும் விதியைப் பற்றிக் கேட்டால் விழிப்பார். பவானிசாகர் பயிற்சியில் காதில் விழுந்தது ஊர் திரும்புவதற்குள் மறந்துபோகிறது. முதல் மெமோ வந்த பிறகுதான் யூனியன்காரரைத் தேடி ஓடுகிறோம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு அடிப்படை, 1955-ஆம் ஆண்டின் குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். அவற்றில் விதி 17(ஏ) சிறு தண்டனைக்கு: கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம் போன்றவை. 17(பி) பெரிய தண்டனைக்கு: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகும். தண்டனை வரும் முன்பே, 17(பி) நிலுவையில் இருக்கிறது என்ற ஒன்றே பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயரைத் தள்ளிவைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தண்டனை இந்தக் காத்திருப்புதான். சின்னத் தவறுக்கெல்லாம் 17(பி) போடும் அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். விசாரணை நீங்கள் இல்லாமலேயே நடந்து முடியும். தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள். குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள ஆவணம் கைக்கு வரவில்லையென்றால் அன்றைக்கே நகல் கேட்டு எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் தபால் பிரிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதுங்கள். "வாய்மொழி விசாரணை கோருகிறேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று யாராவது எழுதித் தரச் சொன்னால் அதை எழுதாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அதைப் படிப்பார்கள். விசாரணை அறிக்கையின் நகலைப் பெறுவது உங்கள் உரிமை. உச்ச நீதிமன்றம் 1993-லேயே, கருணாகர் வழக்கில், இதை உறுதி செய்துவிட்டது.

சஸ்பென்ஷன் வந்தால் முதலில் பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம் உண்டு. வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதாமாதம் கொடுங்கள். அனுமதியில்லாமல் தலைமையிடத்தை விட்டுப் போகாதீர்கள். குற்றச்சாட்டு மெமோ தராமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை நீட்டக்கூடாது என்று 2015-இல் அஜய்குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகத் தொண்ணூறாம் நாள் தானாகவே வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர், கண்டக்டர்களுக்கு இந்த 17(பி) கிடையாது. அவர்களுக்குக் கழகத்தின் நிலையாணைகள், தொழிலாளர் நீதிமன்றம் என்று வழியே வேறு. சொந்தக்காரர் தாலுகா ஆபீசில் பட்ட அனுபவத்தை வைத்து டெப்போவில் பதில் எழுதினால் எடுபடாது.

மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், துறை மேல்முறையீட்டுக்குப் பிறகு அரசு ஊழியருக்கு உயர் நீதிமன்றம்தான். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து, தென்மாவட்ட ஊழியர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஒத்தக்கடைப் பக்கம் போனால் போதும். ஆனால் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டு அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பணிப் பதிவேட்டை, அதாவது எஸ்.ஆரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த உத்தரவு, இன்கிரிமென்ட், விடுப்புக் கணக்கு எல்லாம் சரியாக ஏறியிருக்கின்றனவா? அரசின் 'களஞ்சியம்' மென்பொருளில் பதிவான விவரமும் இந்தப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா? தவறு இருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள். ஓய்வுபெறும் மாதத்தில் கேட்டால், பென்ஷன் பைல் ஏஜி (மாநிலக் கணக்காயர்) ஆபீசுக்கும் உங்கள் ஆபீசுக்கும் அலையும்போது கூடவே நீங்களும் அலைய வேண்டியிருக்கும். இந்த மாதமே கேளுங்கள்.