ஆலா நீலமாகத் தெரிவது ஏன்?

கேள்வி: பாரூர் பெரிய ஏரியில் பறக்கும் ஆலாக்களைப் படமெடுக்கிறேன். ஒரு படத்தில் இறகு வெளிறிப்போகிறது. இன்னொன்றில் நீலம் ஏறிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: கடற்கரைக்குப் போகாமலே ஆலாவைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர் நீங்கள்!

முதலில், வெளிறல். பின்னணி வானமாகவும் தண்ணீராகவும் மாற மாற, கேமராவின் ஆட்டோ அளவீடு தடுமாறும். மேனுவலுக்கு மாறுங்கள். ஷட்டர் 1/2000 வினாடி. வெயில் படும் வெள்ளை இறகுக்கு வெளிச்சத்தை அளந்து அப்படியே விட்டுவிடுங்கள். பின்னணி மாறினாலும் பறவைமேல் விழும் வெயில் மாறுவதில்லை. தொடர் ஃபோகஸும் அவசியம்.

அடுத்து, நீலம். ரா கோப்பாக எடுத்திருந்தால் திருத்துவது சுலபம். வெயில் படும் வெள்ளைக் கழுத்தில் திருத்தும் மென்பொருளின் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை வையுங்கள். நிழலான அடியிறகில் வைத்தால் முதுகு மஞ்சளாகிவிடும். அடியிறகில் வானமும் ஏரியும் சிந்தும் சாயல் இயல்பானது, கொஞ்சம் இருக்கட்டும். நீங்கள் எடுப்பது ஆற்று ஆலா என்றால், இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு உச்சந்தலை கறுப்பு, அலகு மஞ்சள். கறுப்பில் நீலம் தெரிந்தால் திருத்தம் போதவில்லை. அலகு ஆரஞ்சாக எரிந்தால் சாச்சுரேஷனைக் குறையுங்கள்.

ஆற்று ஆலா உலக அளவில் அருகிவரும் பறவை. கோடையில் மணல்திட்டில் வெறுந்தரையில்தான் முட்டையிடும். அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.