ஐந்நூறு ரூபாய் மட்டையில் ஹாக்கி வருமா?

கோவில்பட்டியில் ஒரு பையன் ஹாக்கி ஆடப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் வியப்பதில்லை. மற்ற ஊர்களில் கிரிக்கெட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே ஹாக்கி உட்கார்ந்து சில தலைமுறைகள் ஆகிவிட்டன. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடநாட்டு அணிகள் இந்த ஊருக்கு ரயிலேறி வருகின்றன. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டியே கோவில்பட்டியில் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இருந்தார்கள். அதனால் இங்கே வீட்டில் எழும் முதல் கேள்வி, மட்டை என்ன விலை என்பதுதான். தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்னக் கேள்வி இல்லை. அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில்: மலிவு மட்டை வாங்குவது காசைக் கரியாக்குவது, கார்பன் மட்டை இல்லாமல் இந்தக் காலத்தில் ஹாக்கி வராது. இந்த நம்பிக்கையின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதி தவறு.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று முதலில் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கான மர மட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணாடியிழையில் செய்த காம்போசிட் மட்டை ஆயிரத்தைத் தாண்டித் தொடங்குகிறது. கார்பன் இழையின் விகிதம் ஏற ஏற விலையும் ஏறி, பதினைந்தாயிரம் இருபதாயிரம் வரை போகிறது. மர மட்டை பெரும்பாலும் மல்பெரி மரத்தில் செய்வது, ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வருவது. 1947க்கு முன் இந்தத் தொழில் சியால்கோட்டில் குவிந்திருந்தது. பிரிவினையில் அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள்தான் ஜலந்தரை விளையாட்டுப் பொருள்களின் ஊராக்கினார்கள். வெளிநாட்டுப் பெயர் போட்ட விலை உயர்ந்த காம்போசிட் மட்டைகளிலும் பெரும்பகுதி இன்றைக்கும் சியால்கோட்டில்தான் உருவாகிறது. ஆகவே ஐரோப்பியக் கைவேலைக்குக் காசு கொடுக்கிறோம் என்று யாராவது நினைத்தால் அந்தக் கணக்கு தப்பு. சர்வதேச விதிப்புத்தகமும் கார்பன் எத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை. எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது, நீளம் 105 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள வளையத்துக்குள் மட்டை நுழைந்து வர வேண்டும், தண்டின் வில் வளைவு 25 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, உலோகம் கூடாது. ஐந்நூறு ரூபாய் மட்டையும் இந்தச் சோதனைகளில் தேறிவிடலாம்.

செயற்கைப் புல்தரை வந்த பிறகு மர மட்டைக்கு வேலை இல்லை என்பது அடுத்த நம்பிக்கை. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது 1976இல், மான்ட்ரியலில். முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. கையில் இருந்த மட்டை மாறவில்லை, காலடியில் இருந்த தரை மாறிவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1980 மாஸ்கோவில், தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் அதே செயற்கைத் தரையில் ஸ்பெயினை 4–3 என்று வென்று தங்கம் வாங்கினோம். அதுவும் மர மட்டையில்தான். காம்போசிட் மட்டைகளுக்கு அனுமதி கிடைத்ததே 1990களில். ஆனால் இந்த வரலாற்றை வைத்து மிகையாகவும் வாதாடக் கூடாது. மாஸ்கோவில் எதிரணியின் கையிலும் மரம்தான் இருந்தது. இன்று உலகக் கோப்பையில் ஆடுகிறவர்கள் எல்லாரும் காம்போசிட் மட்டைதான் பிடிக்கிறார்கள், அதில் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீர் தெளித்த தரையில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், நார் தளரும். பழைய ஆட்டங்கள் நமக்குச் சொல்வது ஒன்றைத்தான்: பந்தை நிறுத்த, கடத்த, ஏமாற்றித் திருப்பக் கற்றுக்கொள்வதற்கு மரம் தடையாக இருந்ததில்லை. ஹாக்கி மேதை தயான்சந்தின் மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று ஹாலந்தில் உடைத்துப் பார்த்தார்கள் என்ற கதை இன்னும் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, ஆட்டக்காரரின் திறமையை மட்டையின் கணக்கில் எழுதும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது.

இனி கார்பனின் உண்மையான பலனுக்கு வருவோம். பந்தை அடிக்கும்போது தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, அந்த வளைவில் விசையின் ஒரு பங்கு வீணாகிறது. கார்பன் அதிகமுள்ள மட்டை விறைப்பாக இருப்பதால் அந்த வீண் குறைகிறது, பந்து வேகமாகப் போகிறது. இதில் பொய் இல்லை. ஆனால் பந்தின் வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு மட்டைத் தலை எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறது என்பதற்கு உண்டு. அந்த வேகம் தோளிலும் மணிக்கட்டிலும் கால் வைக்கும் முறையிலும் இருந்து வருவது. பன்னிரண்டு வயதுப் பையனின் வீச்சு இன்னும் சீராகவில்லை. மட்டையின் நடுவில் பந்து படுவதே நாலில் ஒரு தடவை என்றால், விறைப்பால் அவனுக்குக் கிடைக்கும் லாபம் கையில் தெரியாத அளவுதான். நட்டம் மட்டும் தெரியும். விறைத்த மட்டையில் பந்து வந்து மோதினால் எகிறிப் போகும், அதிர்வும் நேரே கைக்கு ஏறும். 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டிப் பந்தை நிறுத்திப் பழக வேண்டிய வயதில், கொஞ்சம் இளகிக் கொடுக்கும் மரமோ கண்ணாடியிழையோதான் நல்ல வாத்தியார். ஹாக்கியில் முதல் இரண்டு வருடப் பாடம் அடிப்பதைவிடப் பந்தை நிறுத்துவதில் இருக்கிறது என்பதைப் பயிற்சியாளர்கள் சொல்லாமலே ஒத்துக்கொள்வார்கள்.

பழக்கம் விலையை வெல்லும் என்பதற்கு இன்னொரு விளையாட்டிலிருந்து ஒரு சான்று. ஸ்னூக்கரில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி, அந்தப் பட்டங்களை வென்றது சிறுவயதில் நாற்பது பவுண்டுக்கு வாங்கிய சாதாரணக் கோலால். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோகும் வரை அதைத்தான் வைத்திருந்தார். விலை உயர்ந்த கோல்கள் வேண்டிய மட்டும் கிடைத்திருக்கக்கூடிய மனிதர் அவர்.

கரிசல் காட்டுக்கு வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. இந்த மண் மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் வேறு மண்ணோ சரளையோ கொட்டி இறுக்கினால்தான் ஆட முடியும். ஊருக்குள் ஒரு செயற்கைப் புல்தரை இருப்பது பெரிய வரம்தான், ஆனால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அத்தனை பேரும் தினமும் அதில் ஆட முடியாது. முதல் சில வருடங்கள் மண் தரையில்தான் போகும். சரளையில் உரசி உரசி முதலில் தேய்வது மட்டைத் தலையின் அடிப்பக்கம். மரம் தேய்ந்தால் பிசின் தடவி, டேப் சுற்றி இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம். காம்போசிட் மட்டையின் மேல்பூச்சு பெயர்ந்து இழை வெளியே தெரிந்துவிட்டால் அதைப் பழையபடி ஒட்டுவது எளிதில்லை. கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பதோடு நொறுங்கும் தன்மையும் கூடுகிறது, இன்னொரு மட்டையின் விளிம்பு பக்கவாட்டில் விழுந்தாலே கீறல் விடும். பந்தைப் பறிக்கும் ஒவ்வொரு முயற்சியிலும் மட்டையும் மட்டையும் மோதுவது பள்ளி ஆட்டத்தின் இயல்பு. மலிவு மட்டை சீக்கிரம் உடையும், கடைசியில் அதுதான் அதிகச் செலவு என்று சொல்கிறவர்கள், பத்தாயிரம் ரூபாய் மட்டை சரளை மைதானத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதிலேயே மலிவானதை வாங்கலாமா? கூடாது. முதல் பாதியில் உண்மை உண்டு என்றது இதைத்தான். ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் மலிவு வீண் செலவுதான், சில நேரம் ஆபத்தும் கூட. ரேகை குறுக்கே ஓடும் மரத்தில் செய்த மட்டை, வளைவில் நார் பிரிந்தது, பெயின்டும் ஸ்டிக்கரும் ஒட்டி வெடிப்பை மறைத்தது எல்லாம் கடையில் கிடைக்கின்றன. ரேகை தண்டின் நீளவாக்கில் நேராக ஓடி, வளைவிலும் அந்த வளைவோடே திரும்ப வேண்டும். விரலால் தடவினால் எங்கும் சிலாம்பு குத்தக் கூடாது. தரையில் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒரே சத்தம் வர வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கலாம். ஆனால் விலையைவிட அதிகம் கெடுப்பது நீளம். வளர்கிற பிள்ளை என்று பள்ளி டவுசரை ஒரு சைஸ் கூட்டித் தைப்பது போல மட்டையையும் கூட்டி வாங்கிவிடுகிறோம். பையன் நிமிர்ந்து நின்றால் மட்டை இடுப்பெலும்பைத் தாண்டக் கூடாது. பெரியவர்களுக்கான முப்பத்தாறரை அங்குல மட்டையைப் பத்து வயதுக்காரன் பிடித்தால், இடது முழங்கையை வெளியே தள்ளி, முதுகை நிமிர்த்தி ஆடப் பழகிவிடுவான். அந்தத் தப்பான நிலையைப் பிறகு எந்தக் கார்பனும் திருத்தாது. எடையும் அப்படித்தான், கனமான மட்டை சின்னக் கையின் வீச்சைக் குறைத்துவிடும்.

தேர்வுக்குப் போகும்போது மர மட்டையைப் பார்த்தாலே தேர்வாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒரு மறுப்பு வரும். மாவட்ட, மாநில அணி வரை வந்துவிட்ட, வாரத்தில் பல நாள் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், ஆடுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ காம்போசிட் மட்டை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஈரத் தரையில் பந்து வரும் வேகம் வேறு, கொடுக்க வேண்டிய வேகமும் வேறு. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் எடுப்பவருக்கு வில் வளைவு கீழே இறங்கிய மட்டை உண்மையிலேயே உதவும். அவருக்கும் உச்ச விலை தேவைப்படாது, நடுத்தரக் கார்பன் போதும். மட்டையை மாற்ற வேண்டிய வேளையைப் பையனின் ஆசையோ கடைக்காரரோ சொல்லக் கூடாது, பயிற்சியாளர் சொல்ல வேண்டும். அதுவரை மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை கணைக்கால் காக்கும் ஷின் கார்டும், பல் காக்கும் மவுத் கார்டும். இருபதாயிரம் மட்டை பிடித்தவனின் முன்பல்லும் பந்து பட்டால் போய்விடும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு மலிவு மட்டை போதும் என்பது ஏழைக்கு இவ்வளவு போதும் என்று சொல்வதாக ஆகாதா? தொடங்குகிற பிள்ளை யாருடைய வீட்டுப் பிள்ளையானாலும் தேவை ஒன்றுதான்: சரியான நீளத்தில், வெடிப்பில்லாத, இளகிய மட்டை. பணக்காரர் வீட்டுப் பையனுக்கும் முதல் மட்டையாகக் கார்பனை நான் சொல்ல மாட்டேன். அநியாயம் நடப்பது அதற்கு அடுத்த படியில். திறமை முளைத்து, டர்ஃபுக்கு வந்து, நல்ல மட்டை உண்மையிலேயே தேவைப்படும் வேளையில் அதை வாங்க வேண்டிய பொறுப்பு கூலி வேலை செய்யும் பெற்றோர் தலையில் விழுகிறது, கந்துவட்டி வரை போகிறது. அந்த மட்டையைப் பள்ளியும் கிளப்பும் புரவலர்களும் வாங்கித் தர வேண்டும். கோவில்பட்டி வட்டாரத்தில் போட்டி நடத்தும் கைகளுக்கும், ஹாக்கிக்குக் கொடுக்கும் மனத்துக்கும் பஞ்சம் இல்லை. அடுத்த போட்டிக்குக் கோப்பையின் உயரத்தைக் கூட்டும்முன், ஒவ்வொரு பள்ளிக்கும் இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து முப்பத்தாறு வரை வெவ்வேறு நீளத்தில் ஒரு கட்டு மர மட்டையும், மாநிலத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் எடுத்து ஆடித் திருப்பித் தர நாலு காம்போசிட் மட்டையும் வாங்கி வையுங்கள்.