சூடேறிய குதிரைக்குக் குளிர்ந்த நீர் ஆகாதா?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பாதையில் 1955 முதல் நடந்துவருகிறது டெவிஸ் கோப்பை. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் குதிரைச் சவாரி. கோடையில் அங்குள்ள பள்ளத்தாக்குகளில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். ஓடையைக் கண்டதும் சவாரிக்காரர்கள் கயிற்றில் கட்டிய பஞ்சை நீரில் வீசி இழுத்து, சேணத்தில் உட்கார்ந்தபடியே குதிரையின் கழுத்தில் பிழிவார்கள்.

இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இன்றும் உண்டு. சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும், குளம்பில் நோய் வரும், தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள். குதிரை வளர்ப்பவர்களிடையே இவ்வளவு கேடு செய்த நம்பிக்கை வேறொன்று இல்லை என்பேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன், அந்த ஊரின் புழுக்கத்தைக் குதிரைகள் தாங்குமா என்ற கவலையில் கால்நடை மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஓடி நின்ற குதிரைகள்மீது பனிக்கட்டி போட்ட நீரை ஊற்றியபோது அவை விரைவாகத் தணிந்தன. சொல்லப்பட்ட கேடு எதுவும் வரவில்லை. 2021இல் டோக்கியோவிலும் குளிர்நீர்தான் குதிரைகளைக் காத்தது.

காரணம் எளிது. உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்குமேல் வெப்பமாகவே மாறுகிறது. குதிரையின் எடையோடு ஒப்பிட்டால் அதை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைவு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வையும் உலராது. அப்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு வழிந்தோடும் நீர்தான் துணை. கழுத்து, விலா, பின்தொடை என்று உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஊற்றிய நீரை உடனே வழித்து எடுக்க வேண்டும் என்பார்கள். நீர் போதுமான அளவு இருந்தால், வழிக்கும் நேரத்தில் அடுத்த வாளியை ஊற்றுவதே மேல். ஈரத்துண்டைப் போர்த்துவதோ வேண்டவே வேண்டாம். துண்டு சூடாகிக் காற்றையும் தடுத்துவிடும்.

"வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே, வயிற்றுவலி வரும்" என்பது இன்னொரு தவறு. கடும் வெயிலில் உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கக்கூடும். மனித வியர்வையைவிட அதில் உப்பு மிக அதிகம். நீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால் ரத்தம் அவ்வளவாகச் செறிவடைவதில்லை. உடல் வறண்டிருந்தும் குதிரைக்குத் தாகம் எடுக்காமல் போகலாம். அப்படியிருக்க, அதுவாகக் குடிக்க வரும்போது வாளியை இழுத்துக்கொள்வது கொடுமை. நிற்கும் இடந்தோறும் குடிக்க விடுங்கள். இழந்த உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்புக் கரைசலை மட்டும் புகட்டக் கூடாது.

வியர்க்காத குதிரை களைக்கவில்லை என்று நினைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறனே குன்றிவிடும். ஓய்விலிருக்கும் குதிரையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. டெவிஸ் பாதையில் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்காத குதிரையை மருத்துவர்கள் மேலே செல்ல விடுவதில்லை. உங்கள் குதிரை நிழலில் நின்றும், நீர் ஊற்றியும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால், வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், அன்றைய சவாரியை அங்கேயே முடித்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.