பிராமி – பெயரும் பொருளும்

பெண் மகவுக்குப் ‘பிராமி’ எனப் பெயரிட இளம் பெற்றோர் சிலர் விழைகின்றனர். “அது நீரோரத்து மூலிகையன்றோ?” என்றும், “எழுகன்னியருள் ஒருத்தியின் பெயரன்றோ?” என்றும் மூத்தோர் தயங்குகின்றனர். இரண்டும் உண்மையே. ஆயினும் நமக்கு அப்பெயர் வந்த வழி வேறு.

‘பிரம்ம’ என்னும் வடசொல்லடியாகப் பிறந்த பெண்பாற் பெயர் இது. ஆதிபகவனாகிய விருஷப தேவரை ஆதிபிரம்மா என்று போற்றுவது நம் மரபு. அவர்தம் திருமகள் பிராமி, பரதனுடன் பிறந்தவள். பாகுபலியின் தங்கை சுந்தரி. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம் இவர்தம் வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. பகவான் பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். வலப்புறம் அமர்ந்தவளுக்கு வலக்கையாலும், இடப்புறம் அமர்ந்தவளுக்கு இடக்கையாலும் எழுதிக் காட்டினார் என்பர். எழுத்து இடமிருந்து வலம் செல்வதும், ஒன்று, பத்து, நூறு என எண்ணின் இடமதிப்பு இடப்புறமாக வளர்வதும் இதனால்தான் என்பது மரபுரை. வகுப்பறையில் இடமதிப்பை விளக்க இதனினும் இனிய கதையை யான் கண்டதில்லை! புதல்வர் நூற்றுவருக்கு மேலும் இருக்க, முதல் எழுத்து மகளிர்க்கே கற்பிக்கப்பெற்றது என்பதை வாசகர் உன்னுதல் வேண்டும். பின்னர்ப் பிராமி துறவு பூண்டு ஆர்யிகையர்க்குத் தலைவியானாள்.

அவள் கற்ற எழுத்து அவள் பெயரையே பெற்றது என்பது நம் நம்பிக்கை. சமவாயாங்க சூத்திரம் கூறும் 18 எழுத்து வகைகளுள் முதலாவது பிராமியே, பிராகிருதத்தில் ‘பம்பீ’. பௌத்தர்தம் லலிதவிஸ்தரமும் 64 எழுத்துகளை இதனையே முதலாக வைத்து எண்ணுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் உள்ள இவ்வெழுத்தை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் நம் துறவியர்க்குக் கற்படுக்கைகள் அளிக்கப்பெற்ற செய்தி, தமிழ்மொழியில், தமிழ்ப் பிராமி எழுத்திலேயே பொறிக்கப்பெற்றுள்ளது.

சுந்தரி என்னும் பெயர் எங்கும் பெருவழக்காயிருக்க, தமக்கையின் பெயர் அருகியே காணப்படுவது வியப்பே. ஒலித்தற்கு அரிது என்பர். ‘பிரபா’, ‘பிரேமா’ என்று அழைக்கும் நாவுக்கு இஃது அரிதாகுமோ?

பெயரிடுவோர் ‘பிராமி’, ‘பிராம்மி’, ‘பிராஹ்மி’ என்பனவற்றுள் ஒன்றையே தேர்ந்து, பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பதிவேட்டிலும் மாறாது எழுதுக. தமிழுக்கு முதலாவதே எளிது.